பதினோரடி ஏழங்குல மனை

பணிப்பதிவேட்டின் நாற்பத்தோராம் பக்கம் அவரைப் பற்றி இவ்வளவு சொல்கிறது: "பதிவறை உதவியாளர், கடைநிலை. கட்டட அனுமதிப் பிரிவில் மறுக்கப்பட்ட விண்ணப்பக் கோப்புகளை ஆண்டு வாரியாக அடுக்குதல், கேட்கும்போது எடுத்துக் கொடுத்தல், திரும்பி வந்ததும் உரிய இடத்தில் வைத்தல். கோப்புகளின் உள்ளடக்கத்தை ஆராய்வது இப்பணியின் வரம்பில் அடங்காது. தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. வரைபடப் பயிற்சி இல்லை. அடையாளம்: இடது முழங்கையில் மச்சம்."

மச்சம் சரி.

அலுவலகம் முழுவதற்கும் அவர் ரெக்கார்டு அக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்த தலைமை எழுத்தரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். பதவி உயர்வு கொடுக்க முடியாத இடத்தில் உறவுமுறையை உயர்த்திக் கொடுப்பது செலவில்லாத மரியாதை. அவருடைய அறை கட்டடத்தின் அடித்தளத்தில், பாதி மண்ணுக்குள் இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் தெருவில் போகிறவர்களின் செருப்பு தெரியும். பதினோரு இரும்பு அடுக்குகள், ஒரு மேசை, ஒரு மர ஏணி. அனுமதி கிடைத்த கோப்புகள் மேல்மாடியில் மின்விசிறிக்குக் கீழே இருந்தன. அவற்றை யாரும் தேடி வருவதில்லை. வீடே எழுந்து நிற்கும்போது கோப்பு எதற்கு? மறுக்கப்பட்டவற்றைத்தான் ஜனங்கள் வந்து வந்து கேட்டார்கள். ஆனாலும் மின்விசிறி மேலேதான்.

கோப்புகளைப் படிக்கக் கூடாது என்ற விதியை அவர் பதின்மூன்று வருடம் ஒழுங்காகக் கடைப்பிடித்தார். பிறகு வெள்ளம் வந்தது. அடித்தளத்தில் மூன்றாவது தட்டு வரை தண்ணீர் ஏறி, இறங்க இரண்டு நாள் ஆயிற்று. மேலிருந்து ஓர் உத்தரவு வந்தது: ஒவ்வொரு தாளாகப் பிரித்து, உலர்த்தி, வரிசை மாறாமல் மறுபடி தைக்க வேண்டும். அக்கா குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, துணி கவ்வும் கிளிப்புகளால் தாள்களைத் தொங்கவிட்டார். ஒன்பதாயிரத்துச் சொச்சம் தாள், நான்கு மாதம். வரிசை மாறாமல் தைப்பதற்கு எது எதன் தொடர்ச்சி என்று தெரிய வேண்டும். அது தெரிய வேண்டுமானால் படிக்க வேண்டும். விதி தடுத்ததை உத்தரவு செய்ய வைத்தது. இரண்டிலும் கையெழுத்திட்டவர் ஒருவரே.

நான்கு மாத முடிவில், எந்த வீடு ஏன் கட்டப்படாமல் போனது என்பது அந்த நகரத்தில் அவர் ஒருவருக்குத்தான் முழுசாகத் தெரிந்திருந்தது.

தெரிந்த விஷயங்களில் முக்கியமானது இது. மறுக்கப்பட்டவற்றில் பாதிக்கு மேல் சின்ன மனைகள். நகரம் தன்னை வெட்டித் தைத்துக்கொண்ட பிறகு மிஞ்சிய துண்டுகள்: பத்தடி, பன்னிரண்டடி, பதினான்கடி அகலம், இரண்டு வீடுகளுக்கு நடுவே விழுந்த பல் மாதிரி ஓர் இடைவெளி. இவற்றுக்கு வரைபடம் போட்டவர்கள் முப்பதடி மனைக்குப் போட்ட அதே வீட்டை எடுத்து, நாலு பக்கமும் சீவி உள்ளே நுழைத்திருந்தார்கள். சட்டையைத் தைத்து வைத்துக்கொண்டு ஆளைச் செதுக்குகிற வேலை. படுக்கையறையில் கட்டில் போட்டால் கதவு திறக்காது. படி ஏறினால் ஏழாவது படியில் உத்திரம் நெற்றியைத் தட்டும். கழிப்பறைக்குக் காற்று வர வழியிருக்காது. வந்தால் சமையலறை வழியாக வரும்.

இரண்டாவது விஷயம் தண்ணீர். தரைமட்டம் சாலையைவிட இரண்டரை அடி உயர்ந்திருக்க வேண்டும் என்பது வெள்ளத்துக்குப் பிறகு வந்த விதி. அதற்கு முன் ஒன்றரை, அதற்கும் முன் ஒன்று. ஒவ்வொருவரும் மனையில் மண்ணைக் கொட்டி உயர்த்திக் கட்டினார்கள். ஒருவர் உயர்த்தினால் அவருடைய தண்ணீர் அடுத்தவருக்கு. அடுத்தவர் இன்னும் அரையடி உயர்த்துவார். அந்தத் தெருக்களில் வீட்டின் வயதைக் கேட்க வேண்டியதில்லை, வாசல்படிகளை எண்ணினால் போதும். பழைய வீடுகளுக்குப் படி கீழே இறங்கியது.

வெள்ளம் வடிந்து ஆறாவது வருடம் தையல்காரி வந்தாள்.

அலுவலகத்துக்குப் பின்தெருவில் கடை வைத்திருப்பவள். கடை பத்தடிக்கு எட்டு. அதற்குப் பின்னால் அதே அளவில் ஓர் அறை. அதில் அவள், பேருந்து நடத்துநரான கணவன், இரண்டு பெண்கள், முழங்கால் மடங்காத மாமனார் என்று ஐந்து பேர். மாமனார் எப்போதோ வாங்கிப் போட்ட மனை ஒன்று பக்கத்து வட்டாரத்தில் இருந்தது: பன்னிரண்டடி அகலம், முப்பத்தாறடி நீளம். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று அவள் மூன்று முறை அனுமதி கேட்டாள். மூன்று முறையும் மறுத்தார்கள். இதற்கிடையே நகர நிர்வாகம் காலி மனைப் பட்டியல் ஒன்று போட்டது. வரும் மாதக் கடைசிக்குள் அனுமதி பெறாத காலி மனைகள் கையகப்படுத்தப்பட்டு வண்டி நிறுத்துமிடமாகும். அவளுடையது பட்டியலில் பதினேழாவது. கையில் நாற்பத்தாறு நாள் இருந்தது.

மறுப்பு ஆணையின் நகல் கேட்டுத்தான் அவள் அடித்தளத்துக்கு இறங்கினாள். அக்காவுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவள் என்பதால் முறையிடத் தயக்கம் இல்லை.

"மண்ணு கொட்டாம கட்டறேன்னேன், உயரம் பத்தாதுன்னாங்க. சரி கொட்டறேன்னேன், பக்கத்து வீட்டுக்காரர் என் தண்ணி எங்க போகும்னு மனு கொடுத்துட்டார். கொட்டினாலும் தப்பு, கொட்டாட்டியும் தப்பு. மனையைச் சுருட்டித் தலைல வெச்சுக்கவா அக்கா?"

"நகல் வேணுமா, வீடு வேணுமா?"

"வீடு கொடுக்கிற கவுன்ட்டர் எதுன்னு சொல்லுங்க, வரிசைல நிக்கிறேன்."

அக்கா நகலை எடுத்துக் கொடுத்தார். கொடுத்த பிறகு, கோப்பைத் திரும்ப வைக்காமல் மேசைமேலேயே விட்டார். பத்தொன்பது வருடத்தில் அது முதல் தடவை.

அவர் வேலை செய்த விதம் எந்தக் கல்லூரியிலும் கிடையாது. அவருக்கு வரையத் தெரியாது. ஆகவே மறுப்பிலிருந்து ஆரம்பித்தார். ஒரு பெரிய தாளில், இந்த மனையில் கட்டும் வீட்டை எந்தெந்தக் காரணம் சொல்லி மறுக்க முடியும் என்று வரிசையாக எழுதினார். இருபத்திரண்டு காரணம் வந்தது. பிறகு, வெள்ளத்தில் ஊறிக் கழித்துவிடப்பட்ட கோப்பு அட்டைகளை வெட்டி, ஒரு சாண் அகலத்துக்கு வீட்டைச் செய்யத் தொடங்கினார். ஒரு சுவரை ஒட்டுவார், தாளைப் பார்ப்பார், பிய்ப்பார். இருபத்திரண்டிலும் அடிபடாமல் எது நிற்கிறதோ அதுதான் வீடு.

மண் கொட்டுவதற்கு விடை பழைய கோப்பு ஒன்றில் இருந்தது. பதினேழு வருடத்துக்கு முன் ஓர் அச்சகத் தொழிலாளி, இதே மாதிரிச் சின்ன மனையில், தூண்கள்மேல் வீட்டைத் தூக்கி நிறுத்துவதாகப் படம் கொடுத்திருந்தார். மனை இருந்தபடியே இருக்கும். வீடு மட்டும் உயரத்தில். விதி கேட்பது வீட்டுத் தரையின் உயரத்தை. அடியில் மண் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. எல்லோரும் கொட்டினார்கள், ஆகவே எல்லோரும் கொட்டினார்கள். அவருக்கும் அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. அவருடைய மனையில் இப்போது சிமெண்ட் தளம் போட்டு வண்டிகள் நிற்கின்றன.

எவ்வளவு உயரம் என்பதை மாமனார் முடிவு செய்தார். வெள்ள வருடத்தில் அந்தத் தெருவில் நின்ற தண்ணீர் இரண்டடி இரண்டு அங்குலம். பாதுகாப்புக்கு மூன்றடி தூக்கலாம் என்று அக்கா நினைத்து, தையல் கடைக்குப் போய்க் கேட்டார்.

"அஞ்சு படி ஏறுவேன்" என்றார் மாமனார். "ஆறாவது படிக்கு ஆள் வெச்சுத்தான் தூக்கணும். அந்த ஆளுக்கும் ஒரு ரூம் போட்டுடுங்க."

ஐந்து படி, படிக்கு ஆறு அங்குலம், இரண்டரை அடி. விதியும் முழங்காலும் ஒத்துப்போன அபூர்வமான இடம் அது.

வீட்டில் அக்காவின் கணவர், லிஃப்ட் பழுதுபார்ப்பவர், இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி வாடகை வீடு. கட்டிலில் இடிக்காமல் அலமாரியைத் திறக்க ஒரு முறை உண்டு, அது குடும்பத்தாருக்கு மட்டும் தெரியும். "நான் ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் ஓட வெச்சுட்டு மூணு மாடி நடந்து ஏறி வரேன்" என்றார். "நீ ஊருக்கெல்லாம் வீடு போட்டுக் கொடுத்துட்டு இங்க வந்து முட்டிக்கோ. பொருத்தம் பார்த்துத்தான் நம்மளைக் கட்டி வெச்சிருக்காங்க." சொல்லிவிட்டு, அட்டை வீட்டின் படிக்கட்டை எடுத்துப் பார்த்து, திரும்பும் இடத்தில் அரிசி மூட்டையோடு ஒருவர் திரும்ப முடியாது என்றார். லிஃப்ட் இல்லாத வீட்டைப் பற்றி அவருக்கு அனுபவம் இருந்தது. அக்கா திருப்பத்தை அகலமாக்கினார்.

பத்து நாளில் அட்டை வீடு தயார். கீழே முன்னால் தையல் அறை, நடுவில் வானம் தெரிய நாலடிக்கு ஐந்தடி முற்றம், அதை ஒட்டி மாமனாருக்கு அறை, பின்னால் சமையல், கடைசியில் கழிப்பறை. மேலே இரண்டு அறை. பக்கச் சுவர்களில் ஜன்னல் வைக்க முடியாத வீட்டுக்கு வெளிச்சம் அந்த முற்றத்தின் வழியாக மேலிருந்து இறங்கும். தையல்காரி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு, இந்த மனையைப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டாள்.

அக்கா பார்க்கவில்லை. பத்திரத்தைப் பார்த்திருந்தார், நில அளவைப் படத்தைப் பார்த்திருந்தார், மூன்று மறுப்பாணைகளையும் பார்த்திருந்தார். பத்தொன்பது வருடமாக உலகம் அவரிடம் தாளாகவே வந்துகொண்டிருந்ததால், தாளுக்கு வெளியேயும் மனை இருக்கும் என்பது தோன்றவில்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் இருவரும் போனார்கள். தையல்காரி கழுத்திலிருந்த டேப்பை எடுத்து ஒரு முனையை இந்தச் சுவரில் வைத்துக்கொண்டு மறுமுனையை அக்காவிடம் கொடுத்தாள். பதினோரடி ஏழு அங்குலம். முன்னால், நடுவில், பின்னால், எங்கே வைத்தாலும் பதினோரடி ஏழு. ஐந்து அங்குலத்தைக் காணோம்.

அது எங்கும் போகவில்லை, இரண்டு பக்கச் சுவர்களிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளத்துக்கு முன் ஒரு பூச்சு, வெள்ளத்துக்குப் பின் ஈரம் ஏறாமலிருக்க இன்னொரு பூச்சு, ஒரு பக்கம் அதன்மேல் டைல்ஸ், மறுபக்கம் பட்டைக்கல். காலி மனையில் நின்றுகொண்டு பூசுவது வசதி. யாரும் திருடவில்லை, கனமாகப் பூசினார்கள், அவ்வளவுதான்.

"அளவு ரவிக்கையை மட்டும் நம்பி ஆளைப் பார்க்காம தைச்சா எங்க பிடிக்கும்னு எனக்குத் தெரியும் அக்கா" என்றாள் தையல்காரி. "ரெண்டு பக்கமும் பிடிக்கும்."

பூச்சை உடைக்கச் சொல்லி மனு போடலாம் என்று அவளுக்குக் கை துறுதுறுத்தது. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. மனு போட்டால் அது தகராறுக் கோப்பாகிவிடும்; தகராறுக் கோப்புகள் ஏழாவது அடுக்கில் இருக்கின்றன; ஏழாவது அடுக்கிலிருந்து ஒரு கோப்பு முடிந்து வெளியே போய் அவர் பார்த்ததில்லை. பட்டியலோ மாதக் கடைசியில் முடிகிறது. ஐந்து அங்குலத்துக்குச் சண்டை போட்டால் பன்னிரண்டடியும் போகும்.

அன்று அட்டை வீட்டை அக்கா முழுக்கப் பிரித்தார். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டு பக்கமும் ஒன்றரை அடியைத் தின்றுகொண்டிருந்தது. வீடு தூண்களில் நிற்கப் போகிறது என்றால் சுவர் எதையும் தாங்க வேண்டியதில்லை, தடுத்தால் போதும். தடுப்பதற்கு நாலு அங்குலச் சுவர் போதும். இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்து அங்குலம் மிச்சம். போனது ஐந்து, வந்தது பத்து. தூண்கள் உள்ளே துருத்தும். துருத்தட்டும் என்று தூணுக்கும் தூணுக்கும் நடுவே தட்டுகள் வைத்து அலமாரியாக்கினார். கொட்டாத மண்ணின் செலவில் தூண்களுக்குக் கம்பி வாங்கிவிடலாம். பக்கத்து வீடுகள் கனமாகப் பூசியிருக்காவிட்டால் வீடு இதைவிடக் குறுகலாகத்தான் வந்திருக்கும்.

மிச்சமிருந்தது பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதம். சின்ன மனையில் எல்லைச் சுவரை ஒட்டிக் கட்ட இரண்டு பக்கத்தாரும் எழுதிக் கொடுக்க வேண்டும். வலப்பக்கத்தார் புதிதாக, உயரமாகக் கட்டியவர். தண்ணீர் அவருக்குப் பிரச்சினையில்லை. உடனே எழுதிக் கொடுத்தார். இடப்பக்கம் கண்ணாடிக் கடைக்காரர். பழைய வீடு, வாசலில் இரண்டு படி கீழே இறங்க வேண்டும். இருபது வருடமாக அவர் வீட்டுப் பின்கட்டுத் தண்ணீர் இந்தக் காலி மனை வழியாகத்தான் சாலைக் கால்வாய்க்குப் போகிறது. மனு கொடுத்தது அவர்தான்.

அக்கா அட்டை வீட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தையல்காரியையும் அழைத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனார். வீட்டின் அடியில் தண்ணீர் எப்படிப் போகும் என்று காட்டுவதற்காக ஒரு தட்டில் நிறுத்தி, ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் போயிற்று. கூடவே தூண்களும் போயின. ஏற்கெனவே ஒரு வெள்ளத்தைப் பார்த்த அட்டைகள், இரண்டாவதைத் தாங்கவில்லை. வீடு மெதுவாக மண்டியிட்டு, கண்ணாடிக் கடைக்காரர் பக்கமாகச் சாய்ந்தது.

"உங்க வீடு என் கடைலயே முழுகிடுச்சேம்மா" என்றார் அவர். "தெருவுல எப்படி நிக்கும்?" சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. மனை காலியாக இருக்கும்வரை தன் வீட்டுக்குத் தண்ணீர் வராது, அதனால் கையெழுத்துப் போட முடியாது என்று மரியாதையாகவே சொன்னார்.

அக்கா ஈர அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டே பேசினார்.

"காலி மனை காலியாவே இருக்கும்னு உங்களுக்கு யார் சொன்னாங்கண்ணே? இது பட்டியல்ல பதினேழாவது. இதுக்கு முன்னால எடுத்த மனை ஒவ்வொண்ணும் என்கிட்ட கோப்பா இருக்கு. எடுத்ததும் முதல் வேலை, மூணடி மண்ணு கொட்டி மேல சிமெண்ட் போடறது. அப்ப யார்கிட்ட மனு கொடுப்பீங்க? இவ வீட்டுக்கு அடியில தண்ணி போகும். வண்டிக்கு அடியில போகாது."

அவர் ஒரு வாடிக்கையாளருக்கு முகம் பார்க்கும் கண்ணாடி அறுக்கப் போய்விட்டார். தையல்காரி வழியெல்லாம் நாளை எண்ணிக்கொண்டே வந்தாள். இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

மூன்றாம் நாள் கண்ணாடிக் கடையிலிருந்து ஆள் வந்தது. போனால், மேசைமேல் ஒரு வீடு நிற்கிறது: முழுக்கக் கண்ணாடித் துண்டுகளில், பசை போட்டு ஒட்டியது. எட்டுத் தூண், முற்றம், படி, எல்லாம். தன் வீட்டையும் பக்கத்தில் தாழ்வாகச் செய்து வைத்திருந்தார். அட்டையில் யாராவது வீடு செய்வார்களா என்று கோபித்துக்கொண்டார். பிறகு தன் வீட்டுப் பின்கட்டில் தானே ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். மூவரும் குனிந்து பார்த்தார்கள். தண்ணீர் தூண்களுக்கு நடுவே ஓடி முன்பக்கம் வந்தது. ஆனால் பாதிதான் வந்தது. மீதி பின்னால் தேங்கி நின்றது.

"இதோ பாருங்க" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "உங்க கக்கூஸ் என் தண்ணியை மறிக்குது."

உண்மைதான். கழிப்பறையை மட்டும் தூண்மேல் வைக்காமல், கழிவுத் தொட்டியோடு சேர்த்து மண்ணில் கட்டுவதாகப் பின்னால் வைத்திருந்தார் அக்கா. ஏன் பின்னால் என்றால், ஒன்பதாயிரம் தாளிலும் அது பின்னால்தான் இருந்தது. முன்னால் படிக்கட்டின் கீழே கொண்டுவந்தால் தொட்டியே வேண்டாம், அதையும் தூண்மேலேயே வைக்கலாம். சாலையின் கழிவுநீர்க் குழாயில் நேராக விட்டுவிடலாம். கண்ணாடிக் கடைக்காரர் அந்தத் துண்டை அறுத்தெடுத்து முன்னால் ஒட்டினார். பசை காய ஒரு டீ நேரம் காத்திருந்து மறுபடி ஊற்றினார். தண்ணீர் முழுக்க வந்து மேசையிலிருந்து அக்காவின் செருப்பில் விழுந்தது.

அவர் இரண்டு நிபந்தனை போட்டார். வீட்டின் அடிப்பகுதியை எந்தக் காலத்திலும் சுவர் வைத்து அடைக்கக் கூடாது. கம்பி வலை மட்டும் போடலாம். அது வாய்ப்பேச்சாக இல்லாமல் வரைபடத்திலேயே எழுதப்பட வேண்டும். எழுதிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அக்கா சொன்ன வாதம் அவரை யோசிக்க வைத்திருக்கலாம். சம்மதிக்க வைத்தது அவர் ஒட்டிய கண்ணாடிதான். தன் கைவேலையை நம்பாமலிருப்பது யாருக்கும் கஷ்டம்.

வரைபடத்தில் கையெழுத்திட உரிமம் பெற்ற ஒருவர் வேண்டும். அலுவலகத்துக்கு எதிரே நகலெடுக்கும் கடையில் அப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பார். வட்டாரம் முழுக்க அவருக்குக் கையெழுத்து இன்ஜினியர் என்று பெயர். யார் எதை நீட்டினாலும் போடுவார். இந்த முறை நீட்டியது கண்ணாடி வீடு. எங்கே கையெழுத்துப் போடுவது என்று தெரியாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், பார்க்கத் தொடங்கிவிட்டார். எல்லையை ஒட்டி நிற்கும் தூணின் அடித்தளம் ஒரு பக்கமாகத் தூக்கும் என்றார். எதிரெதிர்த் தூண்களை மண்ணுக்குள்ளேயே உத்திரம் போட்டு இணைக்க வேண்டும், தண்ணீருக்கும் மறிக்காது என்றார். அவரே படம் வரைந்தார். அது அவர் பத்து வருடத்தில் வரைந்த முதல் படம் என்பது நகலெடுக்கும் கடைக்காரர் சொல்லித் தெரிந்தது.

விண்ணப்பம் போயிற்று. இருபத்திரண்டு காரணத்தில் ஒன்றும் பொருந்தாத விண்ணப்பம். பிரிவு அதிகாரி அதை நான்கு நாள் வைத்திருந்தார். காரணம் கிடைக்காத கோப்பு ஓர் அதிகாரிக்குத் தரும் சங்கடத்தை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஐந்தாம் நாள் அடித்தளத்துக்கு ஒரு சீட்டு வந்தது: "தூண்கள் மீது அமையும் இத்தகைய கட்டடம் முன்பு எப்போதாவது மறுக்கப்பட்டுள்ளதா? இருப்பின் கோப்பை அனுப்புக."

இருந்தது. அச்சகத் தொழிலாளியின் கோப்பு. அது மேலே போனால், முன்பு மறுத்ததையே இப்போதும் மறுக்க ஒரு காரணம் அதிகாரிக்குக் கையில் கிடைக்கும். போகாவிட்டால் கிடைக்காது. அது அங்கே இருப்பது அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது. பட்டியல் முடிய இன்னும் ஐந்து நாள்.

அன்று அவர் சீட்டுக்குப் பதில் அனுப்பவில்லை. வீட்டில் கணவரிடம் சொன்னார்.

"எலி தின்னுடுச்சுன்னு எழுது" என்றார் கணவர். "வெள்ளத்துல போச்சுன்னு எழுது. யார் கேட்கப் போறா?"

"வெள்ளத்துல ஒண்ணும் போகலை. ஒன்பதாயிரத்தையும் நான்தான் காயப் போட்டேன்."

"அது உனக்குத் தெரியும். ஆபீசுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியுதே" என்றார் அக்கா. கணவர் தட்டைக் கழுவப் போனார். மூன்று மாடிக் கட்டடத்தில் பழுதான லிஃப்டை ஓடுகிறது என்று எழுதிக் கொடுக்க மறுத்து ஒரு வேலையை விட்டவர் அவர்.

காலையில் அக்கா தையல் கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டார், இப்படி ஒரு கோப்பு இருக்கிறது, அதை அனுப்பப் போகிறேன் என்று. தையல்காரி மிஷினை நிறுத்தினாள். அழவில்லை, திட்டவும் இல்லை. அனுப்பாமல் இருக்க முடியாதா என்று ஒரு தடவை கேட்டாள். முடியாது என்றார் அக்கா. ஆனால் முழுக் கோப்பையும் அனுப்புவேன், கடைசிப் பக்கத்தோடு, என்றார்.

கடைசிப் பக்கம் என்பது மறுப்பாணைக்குப் பிறகு வருவது. சாதாரணமாக மறுப்பாணையோடு படிப்பு நின்றுவிடும். அதில் அன்றைய அதிகாரி ஒருவர் தன் கையால் குறிப்பு எழுதியிருந்தார்: அண்டை வீட்டாரின் சம்மதம் இல்லை, தூண்களின் அடித்தளம் ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை, இவ்விரண்டும் சரிசெய்யப்பட்டு மீண்டும் வந்தால் அனுமதிப்பதில் ஆட்சேபம் இல்லை. அச்சகத் தொழிலாளி மீண்டும் வரவில்லை. அப்படி ஒரு பக்கம் இருப்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நகல் கேட்டால் ஆணையின் நகல் மட்டும்தான் கொடுப்பார்கள்.

அக்கா அந்தப் பக்கத்தில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டி, மேலே கொண்டுபோய்த் தானே கொடுத்தார். அதிகாரி முதலில் ஆணையைப் படித்தார், முகம் தெளிந்தது. பிறகு நூலைப் பிடித்துத் திருப்பினார். கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். காயப் போடும்போது பார்த்தேன் என்றார் அக்கா. அதற்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வரும் என்றார் அதிகாரி. அது வந்தது, அதற்கும் ஒரு கோப்பு திறக்கப்பட்டது, அதுவும் இப்போது அடித்தளத்தில்தான் இருக்கிறது.

அந்தக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டவர் இதற்குள் தலைமையகத்தில் இவருக்கு மூன்று படி மேலே இருந்தார். அவர் ஆட்சேபம் இல்லை என்று எழுதியதற்கு இவர் ஆட்சேபம் எழுத முடியாது. மாதக் கடைசிக்கு முந்தைய நாள் பிற்பகலில் அனுமதி கையெழுத்தானது. பட்டியலில் பதினேழாவது வரியை அடித்தார்கள்.

வீடு எட்டு மாதத்தில் எழுந்தது. அடுத்த மழைக்காலத்தில் தெருவில் ஒன்றரை அடி தண்ணீர் நின்ற மூன்று நாளும் தையல்காரியின் மிஷின் ஓடியது. கண்ணாடிக் கடைக்காரர் டார்ச் அடித்து அவள் வீட்டின் அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார்கள். அதன்பிறகு வேறு தெருக்களிலிருந்தும் ஆட்கள் மறுப்பு நகல் கேட்கிற சாக்கில் அடித்தளத்துக்கு வரத் தொடங்கினார்கள். அவர்களிடம் அக்கா முதலில் கேட்பது, மனையை டேப் வைத்து அளந்தீர்களா என்பதுதான். மதிய இடைவேளையில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பதவி கடைநிலைதான், சம்பளமும் அதற்குரியதுதான்.

பணி ஓய்வுபெறும்வரை அவர் பதினான்கடிக்குக் குறைந்த ஒன்பது மனைகளுக்கு வீடு வடிவமைத்துக் கொடுத்தார். ஒன்பதும் நிற்கின்றன. ஒன்றின் வரைபடத்திலும் அவர் பெயர் இல்லை.